உள்ளே போன வெளிச்சம்

1

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் நகைக்கடன் கொடுக்கிற நேரத்தில் மதிப்பீட்டாளர் ஒருவர் என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பார். ஒரு கறுப்பு உரைகல், சின்னக் குப்பியில் அமிலம், தராசு, பூதக்கண்ணாடி. சங்கிலியைக் கல்லில் ஒரு இழுப்பு இழுத்து, விழுந்த கோட்டின் நிறத்தைப் பார்த்து மாற்று சொல்லிவிடுவார். நகையை அறுப்பதில்லை, உருக்குவதில்லை.

இங்கிலீஷ் இலக்கியம் படித்தவனுக்கு உரைகல் என்றதும் மாத்யூ ஆர்னால்ட் ஞாபகம் வரும். மேதைகளின் சில வரிகளை மனசில் வைத்துக்கொண்டு அவற்றில் மற்ற கவிதைகளை உரைத்துப் பார்க்கச் சொன்னவர் அவர். நம் விமர்சனத்திலும் அந்த வார்த்தை தேய்கிற அளவுக்குப் புழங்கியிருக்கிறது. மதிப்பீட்டாளரின் பக்கத்தில் சில வருஷங்கள் உட்கார்ந்த பிறகு ஆர்னால்ட் சொல்லாமல் விட்ட ஒன்று எனக்குப் பிடிபட்டது. கல் மேல்பரப்பைத்தான் சொல்லும். முலாம் கனமாக இருந்தால் ஏமாந்துபோகும். அதனால் அனுபவப்பட்டவர் ஒரே இடத்தில் உரைப்பதில்லை. கொக்கி, கண்ணி, பற்றவைத்த இடம் என்று தேடித் தேடி உரைப்பார். எங்கே கெட்டிருக்கக்கூடும் என்று தெரிந்த கைதான் கல்லைவிடப் பெரிய கருவி.

அறுக்காமல் அறிவது என்கிற இந்த ஆசை மருத்துவத்திலும் உண்டு. உணவுப்பாதையின் உள்சுவர் புற்றுநோயின் பக்கம் திரும்ப ஆரம்பித்திருக்கிறதா என்பதை, கட்டி என்று ஒன்று உருவாவதற்கு முன்னாலேயே, ஒளியை மட்டும் வைத்துக் கண்டறியும் முயற்சிக்கு இருநூறு வருஷச் சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் கவுண்டரில்தான் கிடைத்தது. கம்பம் பள்ளத்தாக்கின் ஏதோ ஒரு ஊரிலிருந்து வந்து, தாலிக்கொடி தவிர மற்றதையெல்லாம் அவிழ்த்து வைத்துவிட்டு, "மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும் சார், தொண்டையில கட்டின்னு சொல்லிட்டாங்க" என்பார்கள். கட்டி என்று பெயர் வைக்கிற அளவுக்கு அது வளர்ந்த பிறகுதான் நகை வெளியே வருகிறது. அதற்கு முந்தைய வருஷங்கள் எங்கே போயின என்பதுதான் என் கேள்வி.

2

உடம்பின் உள்ளே வெளிச்சத்தைச் செலுத்திப் பார்க்கலாம் என்று கருவி செய்தவர் ஃபிராங்ஃபர்ட் நகர டாக்டர் ஃபிலிப் போட்ஸினி. 1806இல் ஒரு மெழுகுவர்த்தியையும் சின்னக் கண்ணாடியையும் ஒரு கூட்டுக்குள் வைத்து, குழாய் வழியாக வெளிச்சத்தை உள்ளே அனுப்பினார். வியன்னாவின் மருத்துவ வட்டாரம் அதை ஒதுக்கியது. 1809இல், 35 வயதில், டைஃபஸ் காய்ச்சலில் அவர் இறந்துபோனார்.

1868இல் ஃப்ரைபர்க்கில் அடால்ஃப் குஸ்மால் இரைப்பையைப் பார்க்க முயன்றபோது அவருக்கு உதவியவர் வாள் விழுங்குகிற வித்தைக்காரர் ஒருவர். வாள் போகிற வழியில் நேரான உலோகக் குழாயும் போகும் என்பது குஸ்மாலின் யுக்தி. குழாய் போயிற்று, வெளிச்சம் போதவில்லை. 1932இல் ருடால்ஃப் ஷிண்ட்லர் பாதி வளைகிற கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். அடுத்த இரண்டு வருஷத்தில் நாஜிகளிடம் சிறைப்பட்டு, விடுபட்டு, அமெரிக்காவுக்குப் போக நேர்ந்தது. கருவிகளின் சரித்திரத்தைக் கருவிகளை மட்டும் வைத்து எழுத முடிவதில்லை.

குடல் வளையும், ஒளி வளையாது. இந்த முரண் தீர ஃபைபர் வர வேண்டியிருந்தது. மெல்லிய கண்ணாடி இழைக்குள் புகுந்த ஒளி அதன் சுவர்களில் மோதி மோதித் திரும்பி, இழை வளைகிற பக்கமெல்லாம் வளைந்து மறுமுனைக்கு வந்துவிடும். 1930இல் மியூனிக்கில் ஹைன்ரிஹ் லாம் என்ற மருத்துவ மாணவர் இழைக்கட்டு ஒன்றின் வழியாக ஒரு பல்பு இழையின் உருவத்தை அனுப்பிக் காட்டினார். யூதரான அவரும் நாட்டைவிட்டுப் போனார், யோசனை கிடப்பில் கிடந்தது. 1954இல் லண்டனில் ஹரால்ட் ஹாப்கின்ஸும் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. அதைப் படித்த பாசில் ஹிர்ஷோவிட்ஸ் மிச்சிகனில் ஒரு குழுவைச் சேர்த்தார். அதிலிருந்த லாரன்ஸ் கர்டிஸ் அப்போது இளங்கலை மாணவர். கண்ணாடி இழைக்கு மேல் வேறொரு கண்ணாடியை உறையாகப் போர்த்தினால் ஒளி கசியாது என்று 1956 கடைசியில் செய்து காட்டினார். 1957 பிப்ரவரியில் ஹிர்ஷோவிட்ஸ் அந்தக் குழாயை முதலில் தானே விழுங்கினார். நோயாளியிடம் போனது அதற்குப் பிறகுதான்.

1983இல் கண்ணாடி இழைக்கட்டின் இடத்தைக் குழாய் நுனியிலேயே பொருத்திய சின்னஞ்சிறு ஒளியுணர் சில்லு எடுத்துக்கொண்டது. 1969இல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் கண்டுபிடித்தது அந்தச் சில்லு. 2000இல் கேப்ரியல் இடான் குழுவினர் காமிராவையே மாத்திரையாக்கி விழுங்கவைத்தார்கள். கட்டைவிரலின் முதல் கணு அளவுதான் அது. குடல் வழியே தானாக நகர்ந்து, வினாடிக்கு இரண்டு படம் எடுத்து அனுப்பிக்கொண்டே போகும்.

2009இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசின் பாதி இழைவழி ஒளிக்காக சார்லஸ் காவோவுக்கும், மறுபாதி சில்லுக்காக பாயில், ஸ்மித் இருவருக்கும் போயிற்று. எண்டோஸ்கோப்பின் இரண்டு உறுப்புகளுக்கும் ஒரே வருஷத்தில் மாலை விழுந்தது. கபானியின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. 2020இல் அவர் காலமானார்.

3

பார்க்க முடிந்துவிட்டது. ஆனால் பார்த்ததால் தெரிந்துவிட்டதா? 1975இல் கொலம்பியரான பெலாயோ கோரேயாவும் கூட்டாளிகளும் இரைப்பைப் புற்றுநோய்க்கு ஒரு படிவரிசையை முன்வைத்தார்கள். நாள்பட்ட அழற்சி, பிறகு சுரப்பிகள் தேய்தல், பிறகு இரைப்பைச் சுவரின் செல்கள் குடல் செல்களைப் போல மாறுதல், பிறகு ஒழுங்கு கெட்ட வளர்ச்சி, கடைசியில் புற்று. இந்தப் பயணம் பல வருஷங்கள் எடுத்துக்கொள்ளும். நடுப்படிகளில் இருக்கிற சுவர், காமிராவில் பார்த்தால், பல சமயம் பக்கத்துச் சுவரைப் போலவே இளஞ்சிவப்பாக, ஈரமாக, சாதுவாக இருக்கும். டாக்டர் உத்தேசமாகச் சில இடங்களில் கிள்ளி எடுத்து அனுப்புவார். கிள்ளாத இடத்தில் இருந்தால் தப்பிவிடும். முலாமிட்ட நகையின் கதைதான்.

கண்ணுக்குத் தெரியாத அந்த மாற்றத்தை ஒளியிடமே கேட்கலாம் என்கிற யோசனை நம்மைச் சேர்ந்த இரண்டு பேரிடம் போய் நிற்கிறது.

1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது. அதே வருஷம் பிப்ரவரி 28 அன்று, கல்கத்தா பௌபஜார் தெருவில் இருந்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமனும் அவருடன் உழைத்த கே. எஸ். கிருஷ்ணனும், சிதறிய ஒளியில் ஒரு மிகச் சிறு பகுதி நிறம் மாறித் திரும்புவதை உறுதிசெய்தார்கள். கிருஷ்ணன் வத்திராயிருப்பைச் சேர்ந்தவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். வருசநாட்டு மலையில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் வத்திராயிருப்பு. அவர்களிடம் லேசர் கிடையாது. சூரிய வெளிச்சத்தை லென்ஸால் குவித்து, வண்ணக் கண்ணாடிகளால் வடிகட்டி, சுத்தமான திரவங்களின் மேல் ஒவ்வொன்றாகப் பாய்ச்சி, கண்ணால் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். ஒரு மூலக்கூறின் மேல் விழுகிற ஒளி பெரும்பாலும் வந்த நிறத்திலேயே சிதறும். கோடியில் ஒன்று என்கிற அளவில் சில துகள்கள் மட்டும் தம் சக்தியில் கொஞ்சத்தை மூலக்கூறின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு வேறு நிறத்தில் வரும். எவ்வளவு கொடுத்தது என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். ஆகவே திரும்பி வந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் அது தொட்டுவிட்டு வந்த பொருளின் கையெழுத்து அதில் இருக்கும்.

இதில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது அதற்கு ஐந்து வருஷம் முன்னால் நடந்தது. 1923இல் அதே கழகத்தில் கே. ஆர். ராமநாதன் தண்ணீரில் இப்படி ஒரு மங்கல் வெளிச்சத்தைப் பார்த்திருந்தார். அதற்கு 'பலவீனமான ஒளிர்வு' என்று பெயர் வைத்து, திரவத்தில் கலந்த அசுத்தம் காரணமாக இருக்கலாம் என்று எண்ணினார்கள். எவ்வளவு சுத்தம் செய்தும் அது போகவில்லை. அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்ததுதான் கண்டுபிடிப்பாக இருந்தது. கண்ணில் பட்டதற்கும் அதைக் கண்டதற்கும் நடுவே ஐந்து வருஷம்.

1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. கிருஷ்ணன் பின்னால் டில்லி தேசிய பௌதிக ஆய்வகத்தின் முதல் இயக்குநராக இருந்து 1961இல் காலமானார். யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அந்த வாதத்தில் நாம் காட்டுகிற ஆர்வத்தில் பாதியை அந்த ஒளி அப்புறம் எங்கே போயிற்று என்பதில் காட்டியதில்லை.

4

அது உடம்புக்குள் போயிற்று. 1960இல் லேசர் வந்த பிறகு அந்த மங்கல் வெளிச்சத்தைச் சேகரிப்பது சுலபமானது. 1984இல் நியூயார்க்கில் ராபர்ட் அல்ஃபானோவும் சகாக்களும் வேறொரு வழியில், புற்றுநோய்த் திசு சாயம் எதுவும் இல்லாமல் தானாகவே வேறு விதமாக ஒளிர்கிறது என்று எலியின் திசுவில் காட்டினார்கள். 1998இல் எம்.ஐ.டி.யில் மைக்கேல் ஃபெல்டின் குழு, திரும்பி வரும் வெள்ளொளியின் நுண்ணிய ஏற்றத்தாழ்விலிருந்து மேல்தோல் செல்களின் உட்கரு எவ்வளவு பெருத்திருக்கிறது, எவ்வளவு நெருக்கியடித்திருக்கிறது என்று கணக்கிட்டது. புற்றுக்கு முந்தைய கட்டத்தின் முதல் தடயங்களில் உட்கரு பெருப்பதும் ஒன்று. 2000இல் அதே முறை உணவுக்குழாய், பெருங்குடல், வாய், சிறுநீர்ப்பை ஆகிய நான்கிலும் பலித்தது.

ராமன் ஒளியை எண்டோஸ்கோப் வழியாக உயிருள்ள மனிதரின் உணவுப்பாதையில் எடுத்துவிட முடியும் என்று டொரான்டோவில் காட்டியதும் 2000இல்தான். இங்கே சரித்திரம் ஒரு சின்னக் குறும்பு செய்தது. திசுவில் ராமன் ஒளியை அமுக்கிவிடும் எதிரி எது தெரியுமா? ஒளிர்வு. 1923இல் கல்கத்தாவில் ராமன் ஒளியை ஒளிர்வு என்று தவறாக எடுத்துக்கொண்டார்கள். இப்போது நிஜமான ஒளிர்வு வந்து அதை மூழ்கடித்தது. கண்ணுக்குத் தெரிகிற நிறங்களை விட்டுவிட்டு அண்மை அகச்சிவப்பு ஒளிக்குப் போனதும் அந்த இரைச்சல் அடங்கியது. பிறகு சிங்கப்பூரில், தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹுவாங் ஷிவெய், மருத்துவர்களான ஹோ கெக் யூ, யோ கே குவான் ஆகியோருடன் சேர்ந்து, குழாயின் வழியே ஒரு மெல்லிய இழையை அனுப்பி, இரைப்பைச் சுவரைத் தொட்டு, ஒரு வினாடிக்குள் அந்த இடத்தின் கையெழுத்தைப் படிக்கிற அளவுக்கு இதைக் கொண்டுவந்தார். வத்திராயிருப்புக்காரர் சூரியனைக் கொண்டு பென்ஸீனிடம் கேட்ட கேள்வியை எண்பத்துச் சொச்சம் வருஷம் கழித்து லேசர் ஒரு மனிதரின் இரைப்பையிடம் கேட்டது.

இதைப் புகழ்ந்து நிறுத்திவிட எனக்கு மனசில்லை. அந்த இழை ஒரு சமயத்தில் படிப்பது ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளியை. இரைப்பையோ பெரிய மைதானம். எங்கே வைத்துக் கேட்பது என்பதை இன்னமும் ஒரு கை தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. உரைகல்லில் பார்த்த அதே விதி. அதற்கும் முன்னால், அந்த மனிதர் குழாய் இருக்கிற அறைவரைக்கும் வந்து சேர வேண்டும். தேனி 1997இல் தனி மாவட்டமானது. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி 2004இல் வந்தது. விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிற பெண், ஒரு நோவும் இல்லாத நாளில், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அங்கே வந்து குழாயை விழுங்குவாள் என்று நான் எதிர்பார்க்க முடியாது.

5

ஆனால் உணவுப்பாதை இரைப்பையில் ஆரம்பிப்பதில்லை, வாயில் ஆரம்பிக்கிறது. இந்த எளிய உண்மையை நான் ரொம்பத் தாமதமாகத்தான் யோசித்தேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் நெல்லும் திராட்சையும் மட்டும் விளைவதில்லை. சின்னமனூர்ப் பக்கம் அகத்தியில் படர்ந்த வெற்றிலைக் கொடிக்கால்கள் உண்டு. என் அப்பத்தா கொடிக்காலில் கிள்ளு வேலை செய்தவள். இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் இருக்கும். புகையிலையை இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். அந்தக் கன்னத்தின் உள்ளே பால் ஆடை ஒட்டியது போல ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. அவள் சிரிக்கும்போது எனக்குத் தெரியும். சுண்ணாம்பு பொத்தது என்பாள். வீட்டில் எல்லோருக்கும் அது சுண்ணாம்புதான். நான் ஏழாவது படிக்கும்போது காரம் தாங்கவில்லை என்றாள். எட்டாவது படிக்கும்போது அவள் இல்லை. அந்தத் திட்டை எத்தனை வருஷமாகப் பார்த்தேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். குறைந்தது ஐந்து வருஷம். கல்கத்தாவில் அழுக்கு என்று நினைத்துக் கழிந்ததும் ஐந்து வருஷம்தான்.

அந்தத் திட்டுக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, புற்றுக்கு முந்தைய நிலை என்ற கணக்கில் இடமும் உண்டு. பாக்கு மெல்லுவதால் கன்னம் இறுகி வாய் திறக்க முடியாமல் போகிற இன்னொரு நிலையை 1952இல் நைரோபியில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் விவரித்தார். அடுத்த வருஷம் பம்பாயில் ஜோஷி எழுதினார். புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுக்குக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்டது.

ஒளியும் இந்த வாய்க்கு வந்திருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழக மருத்துவ இயற்பியல் துறையில் எஸ். கணேசனும் சகாக்களும் திசுக்களின் இயல்பான ஒளிர்வை வைத்து வாய்ப்புற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் புவி அறிவியல் ஆய்வு மையத்தில் என். சுபாஷ் முதலில் ஆராய்ந்தது நெற்பயிரை. இலையின் பச்சையம் ஒளிர்கிற விதத்திலிருந்து பயிருக்கு என்ன சத்துக் குறைவு என்று படித்தார். அதே வகை ஒளியை 2006 வாக்கில் மனிதக் கன்னத்துக்குத் திருப்பினார். கன்னத்தில் பட்டுத் திரும்பும் ஒளியில் ரத்தம் 540, 575 நானோமீட்டர் என்ற இரண்டு இடங்களில் பள்ளம் தோண்டியிருக்கும். அந்த இரண்டின் விகிதம் நல்ல திசுவுக்கும் கெடுகிற திசுவுக்கும் மாறுகிறது. இலையைப் படித்த ஒளி, இலையை மென்ற கன்னத்தையும் படித்தது.

ஆனால் இந்தச் சரித்திரத்தில் நான் அடிக்கோடிட விரும்புகிற வருஷம் 1996. அந்த வருஷம் திருவனந்தபுரம் மாவட்டத்தில், 13 பஞ்சாயத்துத் தொகுதிகளில், ஆர். சங்கரநாராயணனும் சகாக்களும் ஒரு பரிசோதனையை ஆரம்பித்தார்கள். டாக்டர் அல்லாத பட்டதாரிகளுக்கு வாய் பார்க்கக் கற்றுக்கொடுத்து, பாதித் தொகுதிகளில் வீடு வீடாக அனுப்பினார்கள். மீதித் தொகுதிகளில் வழக்கம்போல விட்டார்கள். கருவி என்றால் வெளிச்சமும் கண்ணும்தான். 2005இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. புகையிலை, மது பழக்கமுள்ளவர்களிடம், வாய் பார்க்கப்பட்ட தொகுதிகளில் வாய்ப்புற்றால் இறந்தவர்கள் 34 சதவீதம் குறைவு. அதே சங்கரநாராயணனின் குழு நமக்கு அடுத்த திண்டுக்கல் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுக்கு இதேபோல் செய்தது. பயிற்சி பெற்ற நர்சுகள் நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருக்கிற அமிலம், தடவி, வெளுக்கிற இடத்தைக் கண்ணால் பார்த்தார்கள். 2007இல் வந்த முடிவில் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. திண்டுக்கல்லும் தேனியும் ஒரே பழைய மதுரை மாவட்டத்தின் துண்டுகள்.

இதற்காக நுண்ணிய கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரைப்பைக்குள் டார்ச் அடிக்க முடியாது. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடம் முன்வரிசையில் நிற்பவற்றில் இரைப்பைப் புற்றும் ஒன்று. வெள்ளைத் திட்டுகளில் எது திரும்பும், எது திரும்பாது என்று வெறும் கண் சொல்லாது. அங்கே சுபாஷின் விகிதமும் ஹுவாங்கின் இழையும் தேவைப்படும். ஆனால் அவை தொடங்க வேண்டிய இடம் கண் முடிகிற இடம். நாம் கண்ணையே இன்னும் தொடங்கவில்லை.

நம் பத்திரிகைகளில் 'அகம்', 'உள்முகப் பார்வை' என்றெல்லாம் எழுதிக் குவித்திருக்கிறோம், நானும்தான். அந்த அகத்துக்கு உமிழ்நீர் சுரக்கும், அதற்கு உள்சுவர் உண்டு, அந்தச் சுவர் சத்தமில்லாமல் குணம் மாறும் என்பது நம் எழுத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

போன மாதம் தோட்ட வேலைக்குப் போகிற ஒரு அக்கா தோட்டை அடகு வைக்க வந்தார். பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு. கையெழுத்துப் போடுமுன் திரும்பி, வாயில் இருந்ததை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். மதிப்பீட்டாளர் தோட்டைக் கல்லில் இழுத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. வாயைக் கொஞ்சம் திறந்து காட்டுறீங்களா?" அவர் ஒரு கணம் என்னை விநோதமாகப் பார்த்தார். "என்ன சார், பல்லுக்கும் கடன் குடுக்குறீங்களா?" என்று சிரித்தார்.

சிரித்ததில் கன்னம் தெரிந்தது. க.விலக்குக்குப் போகிற பஸ் நம்பரை அவருடைய பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொடுத்தேன்.